பதினான்குக்குப் பூஜ்யம்

மே 6, திங்கள்

நகரத்திலிருந்து பெட்டி வந்தது. இருநூறு படிவங்கள், இருபது நீலப் பேனா, ஒரு மூட்டை பலூன், என் பெயர் அச்சடித்த ஓர் அட்டை. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். பதினெட்டு வருடமாக, ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கும் எங்கள் பழங்குடி ஊரின் இந்தக் கிளினிக்கில் சுகாதார ஊழியராக இருக்கிறேன். இந்த ஊரில் என்னைத் தெரியாதவர்கள் போன வாரம் பிறந்த நாய்க்குட்டிகள் மட்டும்தான். இருந்தாலும் மாட்டிக்கொண்டேன்.

படிவத்தில் ஏழு கேள்விகள். குழந்தை காதைப் பிடித்து இழுக்கிறதா? அதிகம் அழுகிறதா? சிடுசிடுக்கிறதா? தூக்கம் கெடுகிறதா? விளையாட்டு குறைந்திருக்கிறதா? சாப்பாடு? காய்ச்சல்? இல்லை என்றால் பூஜ்யம், கொஞ்சம் என்றால் ஒன்று, நிறைய என்றால் இரண்டு. கூட்டிப் பார்த்தால் பதினான்குக்கு இவ்வளவு என்று வரும். நடுக்காதில் நோய் வந்த பிள்ளை எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதற்கான மதிப்பெண். நாலும் அதற்கு மேலும் வாங்கினால் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்க்கலாம்; செப்டம்பரில் வரும் காது டாக்டரின் பட்டியலில் பெயர் ஏறும். அதற்குக் கீழே என்றால் பலூன்.

திட்டத்தை நடத்துகிற ஃபிலிப்பா போனில் சொன்னாள்: "ரொம்ப ஈசிங்க. அம்மாக்கள்கிட்ட கேட்டு டிக் பண்ணிட்டே போங்க, முடிஞ்சுது."

மே 9, வியாழன்

பதினோரு பிள்ளைகள். அதில் மூன்று பேருக்குக் காதிலிருந்து சீழ் வழிந்து கன்னத்தில் காய்ந்திருந்தது. ஏழு கேள்விக்கும் மூன்று தாய்மாரும் "இல்லை" என்றார்கள். பொய்யில்லை. பிள்ளைகள் அழவில்லை, ரொட்டி தின்றார்கள், ஓடினார்கள், ஒருவன் என் மேசை மேல் ஏறினான். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். காது ஒழுகுகிறதா என்று எட்டாவது கேள்வி இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்குக் காது நோய் வலியோடு வருவதில்லை. பிறந்த சில மாதத்திலேயே வந்து, சத்தமில்லாமல் குடியேறி, செவிப்பறையில் ஓட்டை போட்டுவிட்டு, வாடகையும் தராமல் இருந்துவிடும். ஃபிலிப்பாவிடம் சொன்னேன்.

"வலி இல்லைன்னா நல்லதுதானேங்க?" என்றாள்.

மூன்று பேருக்கும் மருந்து போட்டு அனுப்பினேன். போட்டதை எழுதப் படிவத்தில் இடமில்லை. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் காதைப் பற்றி என்ன தெரியும் இவர்களுக்கு என்று நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டேன்.

மே 14, செவ்வாய்

வீட்டில் இப்போது நாலு மாதமாக அமைதி. ஜனவரியில் தங்கை வெர்னாவின் கணவர் இறந்தார். அவர்கள் இருந்த வீட்டைப் பெருக்கி, பொருளையெல்லாம் தூரத்து உறவுக்குக் கொடுத்துவிட்டு, வெர்னாவும் அவளுடைய ஒரே மகள், மூன்று வயதுச் சின்னவளும் என்னோடு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து வெர்னா பேசுவதில்லை. புருஷனை இழந்தவள் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் துக்கமுறை; புருஷன் வழிப் பெண்கள் கூடி விடுவிக்கும்வரை பேசமாட்டாள். "விட்டுடேன், இப்ப யாரு அவ்வளவு பாக்கிறாங்க?" என்று கடையில் ஒருத்தி சொன்னாள். வெர்னா பதில் சொல்லவில்லை. அதுதான் பதில்.

ஆகவே எங்கள் வீட்டில் கைதான் பேசுகிறது. தண்ணீர், வா, போ, பசி, யார், எங்கே, வெட்கமாயில்லையா — எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது. கல்லூரியில் நான் படித்த ஆங்கிலத்தைவிட இதில் சண்டை போடுவது சுலபம்.

சின்னவளின் பெயரும் போய்விட்டது. அவள் அப்பா தன் பெயரையே கொஞ்சம் நீட்டிப் பெண் பெயராக்கி மகளுக்கு வைத்திருந்தார். இறந்தவர் பெயரை யாரும் வாயில் எடுக்க முடியாது, அது போலத் தொனிக்கிற பெயர்களையும். அப்படிப் பெயரிழந்த எல்லாருக்கும் ஒரே பெயர்தான்: குமஞ்ஜாயி. ஜனவரிக்குப் பிறகு எங்கள் ஊரில் மூன்று குமஞ்ஜாயிகள் — குப்பை லாரி ஓட்டும் மச்சான், கடையில் கல்லாவில் நிற்பவள், எங்கள் சின்னவள்.

இன்று கடை வாசலில் "குமஞ்ஜாயி!" என்று கூப்பிட்டேன். லாரிக்காரர் திரும்பினார். கடைக்காரி திரும்பினாள். யாரைக் கூப்பிட்டேனோ அவள் எனக்கு முதுகைக் காட்டி நாய்க்குட்டியின் வாலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்க ராணிக்குப் புதுப் பேரு பிடிக்கல போல மச்சினி," என்றார் லாரிக்காரர்.

"எனக்கே ஒரு மாசம் ஆச்சு பழக. அவ குழந்தைதானே அக்கா," என்றாள் கடைக்காரி.

மே 20, திங்கள்

சின்னவளுக்கும் படிவம் போட்டேன். சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. கேள்வியை நான் வாயால் கேட்டேன், வெர்னா கையால் பதில் சொன்னாள்.

அழுகிறாளா? இல்லை. காதை இழுக்கிறாளா? இல்லை. சாப்பாடு? — வெர்னா சிரித்தேவிட்டாள், சத்தமில்லாமல். தூக்கம்? அதற்கு நானே சாட்சி. நேற்று மதியம் மருத்துவ விமானம் எங்கள் கூரையை உரசுவது போல் இறங்கியது. ஊர் நாய்கள் அத்தனையும் குரைத்தன. சின்னவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. அப்படித் தூங்குகிற பிள்ளைக்கு என்ன மதிப்பெண் போடுவது?

பதினான்குக்குப் பூஜ்யம். சிவப்பு பலூன் கொடுத்தேன்.

ஜூன் 3, திங்கள்

ஃபிலிப்பா போன்.

"உங்க லிஸ்ட்ல ஒரு பொண்ணுக்குப் பேரு குமஞ்ஜாயின்னு இருக்கு. கிளினிக் பழைய பதிவுல வேற பேரு இருக்கே. ரெண்டும் ஒரே குழந்தையா?"

"ஒரே குழந்தைதான்."

"அப்ப சரியான பேரு எது?"

"இப்ப இதுதான்."

"எப்பவரைக்கும்?"

"தெரியாதுங்க. சில வருஷம் ஆகலாம்."

கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் ஓசை. "கம்ப்யூட்டர்ல 'சில வருஷம்'னு போட இடம் இல்லைங்க," என்றாள். முதல் முறையாக அவளை எனக்குப் பிடித்தது.

ஜூன் 21, வெள்ளி

சின்னவளின் கைப்பேச்சைப் பார்க்க இரண்டு பெண்கள் வந்தார்கள். வெர்னாவின் மாமியார் வழி. முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருத்தி விரலை லேசாக அசைத்தாள்: தண்ணீர் கொண்டு வா. சின்னவள் உடனே குவளையோடு போனாள். இன்னொருத்தி கேட்டாள்: உன் அம்மா எங்கே? உதட்டைக் குவித்துத் திசையைக் காட்டினாள்.

"மூணு வயசுல என்ன மரியாதை பாரு! என் பேரன் அஞ்சு வயசு, கத்தினாலும் காதுல வாங்க மாட்டான்."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா போனதை அறிந்து பிள்ளையும் துக்கம் காக்கிறது என்றார்கள். இவ்வளவு நாளாகியும் அவள் நாலு சொல்லுக்கு மேல் பேசாததும் அதனால்தானாம். துக்க வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாக வரும் என்று நானும் தலையாட்டினேன்.

ஜூலை 10, புதன்

கடுங்குளிர். குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. சின்னவள் காதை மூடுகிற கம்பளித் தொப்பியைத் தூக்கத்தில்கூடக் கழற்றுவதில்லை. வெர்னா மட்டும் காலையில் கழற்றி, தலைவாரி, முகம் துடைத்து, திரும்ப மாட்டிவிடுகிறாள்.

ஜூலை 24, புதன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணி இருக்கும். கடைக்குப் பின்னால் குப்பை லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. நான் படிவக் கட்டோடு இந்தப் பக்கம். லாரியின் வழியில் சின்னவள் குந்தி உட்கார்ந்து மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள், லாரிக்கு முதுகைக் காட்டி. நான் கத்தினேன். என்ன கத்தினேன் — குமஞ்ஜாயி என்றுதான். லாரிக்குள் இருந்தவருக்கும் அதே பெயர், கடைக்குள் இருந்தவளுக்கும் அதே பெயர். அவர் யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்தார். சிவப்புத் தொப்பி தெரிந்ததாம். பிரேக். ஹாரனை அழுத்தினார் பாருங்கள், ஊரே வெளியே வந்தது.

சின்னவள் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள்.

மச்சான் இறங்கி ஓடி வந்தார். அவர் நிழல் மண்ணில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பேரு புதுசு, சரி மச்சினி," என்றார். "ஹாரன்கூடவா அவளுக்குப் புதுசு?"

ஜூலை 25, வியாழன்

பார்த்துட்டேன்.

தொப்பியைக் கழட்டினப்பவே வாடை. பதினெட்டு வருஷமா எனக்குத் தெரிஞ்ச வாடை. வலது காதில் சீழ். துடைத்துவிட்டு விளக்கு வைத்தால் செவிப்பறையில் மிளகளவு ஓட்டை. இடது காது ஓட்டையில்லை, ஆனால் பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டி நிற்கிறது. எத்தனை மாதமாக? ஜனவரிக்கு முன்னாலேயே இருந்ததா? என்ன தெரியும் எனக்கு? இந்த வருஷம் முன்னூறு காது பார்த்திருக்கேன். என் வீட்டுல இருக்கிற ரெண்டைப் பாக்கல. ஏன் பாக்கல? பூஜ்யம் வாங்கினவ காதைப் பாக்கத் தேவையில்லை. படிவம் சொல்லுது. படிவத்துல கையெழுத்து யாரோடது?

விமானத்துக்கு எழுந்திருக்காத பிள்ளைக்கு "நல்ல தூக்கம்"னு எழுதினவ நான்.

வெர்னாவிடம் சொன்னேன். தினமும் காலையில் அவள்தான் சீழைத் துடைத்திருக்கிறாள், முகம் கழுவுவது போல. எல்லாப் பிள்ளைக்கும் மூக்கு ஒழுகும், காது ஒழுகும், அதில் சொல்ல என்ன இருக்கிறது? நானும் கேட்கவில்லை. படிவமும் கேட்கவில்லை. அவள் சின்னவளின் தொப்பியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு கையால் மெதுவாக: நான் அவளைக் கூப்பிடவே இல்லையே. ஏழு மாதமாக ஒரு தடவைகூட.

கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்கிறாள். நான் தினம் பத்துத் தடவை கூப்பிட்டேன். எனக்குத் தெரிந்ததா?

ஜூலை 29, திங்கள்

டிஷ்யூ தாளைத் திரித்து முனை கூராக்கி, காதுக்குள் விட்டு, சீழை உறிஞ்ச விட்டு எடுக்க வேண்டும். அடுத்தது. அடுத்தது. தாள் காய்ந்து வரும்வரை. பிறகு சொட்டு மருந்து. காதின் முன்மடலை விரலால் அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. வெர்னா செய்கிறாள், நான் எண்ணுகிறேன். காலையில் ஒன்பது தாள்.

சின்னவளுக்குக் கூச்சம், சிரிக்கிறாள். வலிக்கவில்லையாம். வலித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஃபிலிப்பாவுக்கு நானே போன் செய்தேன். செப்டம்பர் பட்டியலில் சின்னவள் பெயரைச் சேர்க்க வேண்டும்.

"மே மாசத்துல அவ ஸ்கோர் ஜீரோங்க."

"அது என் தப்பு."

"நீங்க சரியாத்தான் போட்டிருக்கீங்க. இப்ப புதுசா ஒண்ணு போட்டுப் பாருங்களேன்?"

போட்டுப் பார்த்தேன். அழுகை இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடு நன்று, விளையாட்டு நன்று — லாரிக்குப் பின்னால்கூட விளையாடுகிறாள். மீண்டும் பூஜ்யம். பேனா கையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டால் பதினான்கு. பட்டியலில் முதல் பெயர். அரை மணி நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் எழுதினால் உண்மை வெளிவரும், உண்மை எழுதினால் பலூன் கிடைக்கும்.

பூஜ்யத்தையே எழுதினேன். ஓரத்தில், இடமில்லாத இடத்தில்: "ஹாரனுக்குத் திரும்பவில்லை."

திரும்பப் போன் செய்து அதைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஃபிலிப்பா: "ஃபார்மை நடுவுல மாத்த எனக்கு அதிகாரம் இல்லைங்க. ஆனா டாக்டர் அங்க வந்து இறங்கின பிறகு வாசல்ல யாரு நிக்கிறாங்கன்னு எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பரிசோதனைக்கு என் சொந்த முறை ஒன்று கண்டுபிடித்தேன். பிள்ளைக்குப் பின்னால் நாலு அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், "ஐஸ் வேணுமா?"

திரும்பினால் ஐஸ். திரும்பாவிட்டால் காதில் விளக்கு, பிறகு ஐஸ். இந்தக் குளிரிலும் வேண்டாம் என்று சொன்ன பிள்ளை ஒன்றுகூட இல்லை. இதுவரை நாற்பது பேர். திரும்பாதவர்கள் பதினேழு. பதினேழு பேரும் படிவத்தில் இரண்டைத் தாண்டவில்லை.

லாரி மச்சானும் வரிசையில் வந்து முதுகைக் காட்டி நின்றார். "நான் திரும்பலைன்னா ரெண்டு ஐஸா மச்சினி?"

"திரும்பலைன்னா ஊசி."

திரும்பிவிட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலைத் தாள் மூன்று. நேற்று நாலு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஒரு தாள். காய்ந்தே வந்தது. வெர்னா அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், இரண்டு பேரும், ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி.

காது காய்ந்தது. கேட்கிறதா? பின்னால் நின்று ஐஸ் என்றேன். ஒரு தடவை தலை லேசாக அசைந்தது. இரண்டாம் தடவை இல்லை. ஈயாக இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 4, புதன்

டாக்டர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சிறு விமானத்தில் வந்தார். பட்டியலில் ஒன்பது பேர். முதலிடம் பள்ளித் தலைமையாசிரியரின் மகனுக்கு, பதின்மூன்று மதிப்பெண். இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகிறது அவர்களுக்கு. மே மாதம் சளி பிடித்தபோது இரண்டு நாள் அலறியிருக்கிறான். டாக்டர் பார்த்தார், கண்ணாடி போல் சுத்தமான காது. ஒன்பதில் ஐந்து பேர் அப்படித்தான். பதினோரு மணிக்கு டாக்டர் தேநீர் கேட்டார்.

"அவ்வளவுதானா? சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கும்னு சொன்னாங்களே?"

கதவைத் திறந்தேன். வாசலில் பதினேழு பேரும் அவர்கள் தாய்மாரும், நாய்களும். பதினெட்டாவதாகச் சின்னவள்.

அவள் முறை வந்தபோது மே மாதத்துப் படிவத்தைப் புரட்டினார். "இவளுக்கு வலியே இல்லையா?"

"இருந்திருந்தா உங்க லிஸ்ட்ல இருந்திருப்பா டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். வலது ஓட்டை சுருங்கி வருகிறது, தானாக மூட வாய்ப்பிருக்கிறது என்றார். இடது காதில் நீர் இன்னும் இருக்கிறது. மூன்று மாதம் பார்க்கலாம், வடியாவிட்டால் சின்னக் குழாய் வைக்கலாம். டாக்டரோடு வந்த பரிசோதகர் சின்னவள் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கும் அளவைச் சோதித்தார். ஒலி வந்தால் மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும். பாதி ஒலிகளுக்குப் போட்டாள். மெல்லிய ஒலி எதற்கும் இல்லை.

"கேட்காத காலத்துல போன பேச்சைத் திரும்பப் பிடிக்கணும்," என்றார் டாக்டர். "முகத்தைப் பாத்துப் பேசுங்க. நிறையப் பேசுங்க. முக்கியமா அம்மா பேசணும்."

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

வெர்னாவிடம் கேட்டேன்: சீக்கிரம் விடுவிக்கச் சொல்லி மாமியார் வீட்டில் நான் பேசட்டுமா? டாக்டரே சொல்லிவிட்டார்.

கோபமாகக் கையை வீசினாள். அவர் போனது சளி இருமலா, டாக்டர் சீட்டு வாங்கி லீவை முடிக்க? அப்புறம் உட்கார்ந்து அழுதாள். பிறகு சின்னவளை முன்னால் நிறுத்தி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தண்ணீர் என்று கை காட்டினாள், என்னைக் கிள்ளினாள். நான் "தண்ணி" என்றேன். நாய் என்று காட்டினாள். "நாய்." அம்மா. "அம்மா."

இப்படி ஒரு மணி நேரம். கை அவளுடையது, குரல் என்னுடையது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஃபிலிப்பாவின் அலுவலகத்திலிருந்து உறை. எங்கள் ஊரின் முடிவுகள்: "நோயின் தீவிரம் மிகக் குறைவு." படிவங்களை ஒரு கேள்விகூட விடாமல் நிரப்பியதற்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். பின்னால் ஒட்டுத்தாளில் பென்சிலால் ஃபிலிப்பா: "அடுத்த வருஷ ஃபார்முக்கு ஐஸ் கேள்வியை அனுப்பி வைங்க. சண்டை போட்டுப் பாக்கிறேன்."

சான்றிதழைச் சமையலறையில் மாட்டினேன். பார்க்கும்போதெல்லாம் உறைக்கட்டும்.

அக்டோபர் 24, வியாழன்

வலது ஓட்டை மூடிவிட்டது. நானே பார்த்தேன். கடைக்காரியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா," என்றாள். அதேதான். ஒன்றும் தெரியக் கூடாது.

நவம்பர் 5, செவ்வாய்

வெர்னாவின் மாமியார் வந்து தேநீர் குடித்தார். சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு அவள் காதை வெகுநேரம் பார்த்தார். போகும்போது என்னிடம், "அடுத்த சனிக்கு அடுத்த சனி. ஆட்களைக் கூப்பிடணும். மாவு வாங்கி வை," என்றார்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. வெர்னாவும் கேட்டிருக்கவில்லை. ஊரில் யாரோ கேட்டிருக்கிறார்கள். லாரியில் ஊர் முழுக்கச் சுற்றுகிறவர் ஒருவர்தான்.

நவம்பர் 16, சனி

வெர்னாவை விடுவிக்கப் பெண்கள் மட்டும் காலையில் செய்தது இங்கே எழுதுவதற்கில்லை.

அதன் பிறகு எல்லாரும் மர நிழலுக்கு வந்தார்கள். கங்காரு வால் வெந்துகொண்டிருந்தது, சாம்பலில் ரொட்டி. நாற்பது டிகிரி வெயில். லாரி மச்சான் வாய் நிறைய ரொட்டியோடு கதை சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சின்னவள் தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நாய்க்குட்டியோடு. இப்போது அது குட்டியில்லை, அவளைவிடப் பெரிது.

வெர்னா எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். கை தானாக உயர்ந்தது — வா என்று காட்ட. அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"குமஞ்ஜாயி."

பத்து மாதம் திறக்காத கதவு போல இருந்தது குரல். கத்தவுமில்லை. எனக்கே சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

மச்சான் திரும்பினார். கடைக்காரி திரும்பினாள்.

சின்னவளும் திரும்பினாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. மர நிழலில் இருந்த பெண்களின் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் ஒரு கணம் நின்றாள்; இல்லை. மாமியாரிடம், இல்லை.

"இங்கடி," என்றாள் வெர்னா.